அம்மாவின் அட்டிகைக்கு என்ன விலை? வீட்டுப் பொருட்களைப் பங்கு பிரிக்கும்போது கணக்கு எங்கே இடிக்கிறது?

வீடு, நிலம் என்றால் பத்திரம் இருக்கிறது, அரசின் வழிகாட்டி மதிப்பு இருக்கிறது. டெபாசிட், மியூச்சுவல் ஃபண்ட் என்றால் ஸ்டேட்மென்ட் இருக்கிறது. ஆனால் அம்மா போன பிறகு பீரோவைத் திறந்தால் கிடைக்கிற அட்டிகை, வைரத்தோடு, வெள்ளிக் குத்துவிளக்கு? கூடத்து ஊஞ்சல்? பாட்டி வாசித்த வீணை? இவற்றுக்கு எந்த ஆபீஸிலும் விலைப்பட்டியல் கிடையாது.

பெரும்பாலான குடும்பங்களில் இந்த வேலை ஒரே மதியத்தில் முடிந்துவிடும். காரியம் முடிந்து, பெங்களூருவில் இருப்பவரும் நியூ ஜெர்சியில் இருப்பவரும் கிளம்புவதற்கு முந்தைய நாள், "நீ இதை எடுத்துக்கோ, அக்கா அதை எடுத்துக்கட்டும்" என்று கட்டிலில் பரப்பி வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். துக்க வீட்டில் யாரும் தராசு தேடுவதில்லை. பிரச்னை மூன்று, நான்கு வருடம் கழித்து வரும். ஒருவர் தன் பங்கை அடகு வைக்கவோ விற்கவோ போவார். கடைக்காரர் சொல்லும் தொகையைக் கேட்டதும், "எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கம்மி?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வியை யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

இந்தியாவில் இந்தக் கணக்கை யாரும் போடாததற்கு ஒரு காரணம், போடச் சொல்லி யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் ஒருவர் இறந்தால் வாரிசு வரிக் கணக்குக்காக வீட்டுச் சாமான்களின் மதிப்பையும் சொல்ல வேண்டும். இங்கேயும் 1953-ல் வந்த எஸ்டேட் டியூட்டி என்ற வரி இருந்தது. உச்ச விகிதம் 85%. அதை 1985-ல் எடுத்துவிட்டார்கள். நகை போன்றவற்றுக்கு இருந்த சொத்து வரியும் 2015-ல் போனது. இன்று பரம்பரையாக வரும் பொருளுக்கு, வரும்போது வரி இல்லை. உயில் இருந்து, நீதிமன்றத்தில் ப்ரொபேட் வாங்கினால் மட்டும், 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலை மதிப்போடு தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். மற்றவர்கள் எல்லாரும் மனக்கணக்கில்தான் பிரிக்கிறார்கள்.

விலைக்கு முன்னால்: இது யாருடையது?

தப்பு பெரும்பாலும் இங்கேயே தொடங்கிவிடுகிறது. அப்பா இறந்ததும், "வீட்டுல இருக்கிற நகையெல்லாம் சேர்த்துப் பங்கு போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். அம்மாவின் நகை அப்பாவின் சொத்தே இல்லை. கல்யாணத்தில் போட்டது, பிறந்த வீட்டில் கொடுத்தது எல்லாம் ஸ்திரீதனம். அதற்கு அந்தப் பெண் மட்டுமே உரிமையாளர், அது கணவன் மனைவியின் கூட்டுச் சொத்து ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலிலும் ஒரு கேரள வழக்கில் சொன்னது. அதனால் அப்பாவின் பாகப்பிரிவினையில் அம்மாவின் நகை வரவே கூடாது.

அம்மா இறந்தால்? "அம்மா நகை பொண்ணுக்குத்தான்" என்பது வழக்கம். அது சட்டம் இல்லை. உயில் எழுதாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகன், மகள், கணவர் எல்லாருக்கும் சமம். அப்பா உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. இதை மறந்துவிட்டுப் பிள்ளைகள் மட்டும் பிரித்துக்கொள்வது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. முன்பே இறந்துபோன அண்ணன் இருந்தால் அவருடைய பங்கு அவர் பிள்ளைகளுக்கு. கிறிஸ்தவக் குடும்பம் என்றால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஹனஃபி முஸ்லிம் குடும்பத்தில் மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி.

மகள்களுக்கே கொடுப்பது என்று எல்லாரும் மனமொத்து முடிவு செய்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அது மற்றவர்கள் விட்டுக்கொடுத்தது என்று எழுதி வைப்பது நல்லது.

இன்னொன்று, லாக்கர் நாமினி. நாமினியாக உங்கள் பெயர் இருந்தால் லாக்கரைத் திறந்து பொருளை வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பொருள் உங்களுடையது ஆகிவிடாது, வாரிசுகளுக்காக வாங்கிக்கொள்கிறீர்கள், அவ்வளவுதான். ஒப்படைக்கும் முன் வங்கி, சாட்சிகள் முன்னிலையில் உள்ளே இருப்பதைப் பட்டியல் எடுக்கும். அதில் என்ன பொருள் என்பது இருக்கும், மதிப்பு இருக்காது. அந்தப் பட்டியலின் நகலை மற்ற வாரிசுகளுக்கும் அன்றே அனுப்பிவிட்டால் பாதி சந்தேகம் அங்கேயே தீரும்.

ஒரே பொருள், நாலு விலை

ஒரு தேக்கு ஊஞ்சலை எடுத்துக்கொள்வோம். இன்றே விற்றால் பழைய மரக்கடைக்காரர் தரும் விலை ஒன்று. பொறுமையாகச் சரியான ஆளைத் தேடி விற்றால் கிடைக்கும் விலை இன்னொன்று. அதே மரம், அதே வேலைப்பாட்டில் புதிதாகச் செய்ய ஆகும் செலவு மூன்றாவது; இன்சூரன்ஸுக்குக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். நாலாவது, "இதுல உக்காந்துதான் அம்மா எனக்குச் சோறு ஊட்டினா" என்பவர் மனதில் இருக்கும் விலை.

நான்கும் உண்மையான விலைதான். சண்டை வருவது, ஒருவர் முதல் விலையைச் சொல்லி எடுத்துக்கொள்ள, மற்றவர் மூன்றாவது விலையை மனதில் வைத்திருக்கும்போது. என்னைக் கேட்டால், பொருட்களைப் பரப்புவதற்கு முன் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டியது எந்த விலையை எடுக்கப் போகிறோம் என்பதைத்தான், எவ்வளவு என்பது அப்புறம். விற்கப்போகும் பொருளுக்கு முதல் இரண்டு. குடும்பத்திலேயே ஒருவர் வைத்துக்கொள்ளும் பொருளுக்கு, அவசர விற்பனை விலையை எடுத்தால் எடுப்பவருக்கு லாபம், புதுப்பொருள் விலையை எடுத்தால் அவருக்கு நஷ்டம். நிதானமாக விற்றால் கிடைக்கும் விலைதான் இடையில் நிற்கிறது.

அதற்கு முன் பட்டியல். கூகுள் ஷீட் ஒன்று போதும். பொருள், போட்டோ, எடை, இப்போது எங்கே இருக்கிறது, யாருக்கு விருப்பம். விலைக் கட்டத்தை முதலில் காலியாக விட்டுவிடுங்கள். விலையைப் பார்த்த பிறகு விருப்பம் மாறும், மனித இயல்பு.

தங்கம்: எடை ஒன்று, தங்கம் வேறு

விலை தெளிவாகத் தெரியும் பொருள் தங்கம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். "ஆளுக்குப் பத்து பவுன்" என்று பிரித்தால் சமம்தானே? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

அக்காவுக்கு 40 கிராம் வளையல்கள், 22 கேரட், கல் இல்லை. தங்கைக்கு 40 கிராம் எடையுள்ள பழைய கெம்புக்கல் அட்டிகை. தராசில் இரண்டும் ஐந்து பவுன். வளையலில் சுத்தத் தங்கம் சுமார் 36.7 கிராம். அட்டிகையில் கல்லும் உள்ளே அடைத்த அரக்கும் 9 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 31 கிராம். பழைய நகை என்பதால் தரம் 20 கேரட்தான் என்றால் சுத்தத் தங்கம் 25.8 கிராம். வித்தியாசம் ஏறத்தாழ 11 கிராம். 2025-ல் 10 கிராம் சுத்தத் தங்கம் 1 லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு, இது "சின்ன விஷயம், விடு" என்று சொல்லக்கூடிய தொகை இல்லை.

ஹால்மார்க் கட்டாயமானது 2021 ஜூனில், அதுவும் மாவட்டம் மாவட்டமாக. ஹெச்யுஐடி என்ற ஆறு இலக்கக் குறியீடு இல்லாத நகையைக் கடைகள் விற்கக் கூடாது என்று ஆனது 2023 ஏப்ரல் 1 முதல். ஆகவே உங்கள் பாட்டியின் நகையில் எந்த முத்திரையும் இல்லாமல் இருப்பதுதான் இயல்பு. அதைப் போலி என்று நினைக்க வேண்டாம், 22 கேரட் என்றும் நம்ப வேண்டாம்.

கடையில் கேரட் மீட்டரில் வைத்து டச் பார்ப்பது விரைவான வழி. ஆனால் அந்த எக்ஸ்ரே மேல்பரப்பைத்தான் படிக்கும். பொடி வைத்து ஊதிய இடம், முலாம் பூசிய இடம் எல்லாம் வேறு வேறு எண் காட்டும். வாங்கப்போகும் கடையிலேயே சோதிப்பதைவிட, பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கொடுத்தால் சிறு கட்டணத்தில் ரிப்போர்ட் கிடைக்கும். எடை அதிகமான நகைகளுக்காவது இதைச் செய்யலாம். செய்கூலி, சேதாரம் என்று அம்மா அன்று கொடுத்ததை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அந்தப் பணம் வாங்கிய அன்றே போய்விட்டது.

தங்கத்தில் தேதியும் முக்கியம். இறந்த நாள் விலையில் கணக்குப் போட்டு, "உன் பங்குப் பணத்தை அடுத்த வருஷம் தர்றேன்" என்று ஒருவர் நகையை எடுத்துக்கொண்டால், நடுவில் விலை ஏறினால் லாபம் முழுக்க அவருக்கு. இதற்கு எளிய தீர்வு, கணக்கை ரூபாயில் வைக்காமல் சுத்தத் தங்கத்தின் கிராமில் வைப்பது. "உனக்கு 11 கிராம் தரணும்" என்று எழுதினால் கொடுக்கும் நாளின் விலைதான் கணக்கு.

வைரத்தோடு தனிக் கதை. ஏழு கல் தோட்டில் இருப்பது புளூ ஜாகர் என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அந்தச் சுரங்கம் 1971-ல் மூடப்பட்டுவிட்டது. பெயரைச் சொன்னால் விலை ஏறிவிடாது. பழைய பட்டை தீட்டலுக்கு இன்றைய கடைகள் பல குறைத்தே மதிப்பிடும், பழைய வைரம் அறிந்து வாங்குபவர் கூடத் தருவார். ரத்தினச் சோதனைக் கூடத்தில் ஒரு சான்றிதழ், குறைந்தது இரண்டு இடத்தில் விலை விசாரணை. அவசரமாக விற்கக் கூடாத முதல் பொருள் இதுதான்.

பித்தளை, படம், மரச்சாமான்

வீட்டில் அதிக இடம் அடைப்பதும் குறைந்த விலைக்குப் போவதும் இவைதான். பித்தளை அண்டா, வெண்கல உருளி, ஈயச்சொம்பு எல்லாம் பாத்திரக் கடையில் எடைக்குத்தான். அதே உருளி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலோ, மும்பை சோர் பஜாரிலோ, கொச்சி மட்டாஞ்சேரியிலோ பழம்பொருளாக வேறு விலை பெறும். ஆனால் அது கடைக்காரர் விற்கும் விலை. அவர் உங்களிடம் வாங்கும் விலை அதில் ஒரு பகுதிதான். இணையத்தில் பார்க்கும் விலைக்கும் இதே கதை. அது ஒருவர் கேட்கும் தொகை, யாராவது கொடுத்தார்களா என்பது தெரியாது.

சுவரில் தொங்கும் ரவி வர்மா படத்தைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். அவர் 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதே படங்கள் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும் என்றுதான். உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக அச்சுப் பிரதி. அதிலும் பழைய ஒலியோகிராஃப், பின்னால் வந்த காலண்டர் படம் என்று வித்தியாசம் உண்டு. சரிகையும் ஜிகினாவும் தைத்த பழைய பிரதிகளைத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிச் சட்டத்தைப் பிரிக்காமல், துடைத்துப் பளபளப்பாக்காமல் அப்படியே தெரிந்தவரிடம் காட்டுங்கள். பழைய வெண்கலத்தையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், காலத்தின் பூச்சு போனால் விலையும் போகும்.

விலை கேட்பதற்கு முன் சட்டம் கேட்கும் பொருட்கள்

பூஜை அறையில் இருக்கும் ஐம்பொன் சிலை 100 வருடத்துக்கு மேற்பட்டது என்றால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டத்துக்குள் வருகிறது. ஓலைச்சுவடி போன்ற மதிப்புமிக்க கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 வருடம். சிலைகள், ஓவியங்கள் போன்ற வகைகளைத் தொல்லியல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், கை மாறினால் தெரிவிக்க வேண்டும். இந்தியாவுக்குள் விற்கலாம், ஆனால் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவே முடியாது. நியூ ஜெர்சி அண்ணன் "எனக்குப் பணம் வேண்டாம், அந்தச் சிலை மட்டும் போதும்" என்றால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பழைய கதவு, தூணுக்கும் இது பொருந்தும். பழசு போலத் தெரிந்தாலும் 100 வருடம் ஆகாத பொருள் என்றால், தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடமே சான்று வாங்கலாம். விலையிலும் இதன் பாதிப்பு உண்டு. லண்டன் ஏலத்தில் இதே மாதிரி சிலை இத்தனை கோடிக்குப் போனது என்ற செய்தி உங்கள் சிலைக்குப் பொருந்தாது, உங்களுக்கு அந்தச் சந்தையே கிடையாது.

அதைவிடச் சிக்கல் தந்தமும் மான் கொம்பும். பழைய தஞ்சாவூர் வீணைகளில் தந்த வேலைப்பாடு உண்டு. கூடத்தில் மாட்டிய கலைமான் தலை, தந்தப் பிடி வைத்த கைத்தடி என்று பெரிய வீடுகளில் ஏதாவது ஒன்று இருக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட பொருள் வாரிசாக வந்தால் 90 நாளுக்குள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று அம்மாவின் ஃபைல்களில் தேடுங்கள். விற்க வழி இல்லை. ஆகவே பங்குக் கணக்கில் இதன் மதிப்பு பூஜ்யம். யாராவது "தந்தம் விலை என்ன தெரியுமா" என்று ஆரம்பித்தால் அந்தப் பேச்சே வேண்டாம்.

விலையே இல்லாத பொருளை என்ன செய்வது?

கடைசியில் எல்லாரும் கேட்கும் ஒரே பொருள் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது விலை அதிகமான பொருளாகவும் இருக்காது. சீட்டுக் குலுக்கலாம், ஆனால் தோற்றவருக்கு ஒன்றும் கிடைக்காது. எனக்குப் பிடித்தது, போலந்துக் கணித அறிஞர் ப்ரோனிஸ்வாவ் க்னாஸ்டர் 1940-களில் சொன்ன முறை. மூடிய கவரில் அவரவர் மனதில் உள்ள விலையை எழுத வேண்டும்.

ஊஞ்சலுக்கு அக்கா 60,000, அண்ணன் 30,000, தம்பி 45,000 எழுதினார்கள் என்று வையுங்கள். மூன்று பேர் என்பதால் அவரவர் எழுதியதில் மூன்றில் ஒரு பங்கே அவரவர் நியாயமான பங்கு: அக்காவுக்கு 20,000, அண்ணனுக்கு 10,000, தம்பிக்கு 15,000. அதிகம் எழுதிய அக்காவுக்கு ஊஞ்சல். தன் பங்கு போக 40,000 ரூபாயைப் பொதுவில் வைக்கிறார். அதிலிருந்து அண்ணன் 10,000, தம்பி 15,000 எடுத்துக்கொள்கிறார்கள். மீதி 15,000-ஐ ஆளுக்கு 5,000 பிரிக்கிறார்கள். முடிவில் அக்கா கொடுத்தது 35,000. அண்ணனுக்கு 15,000, தம்பிக்கு 20,000. தான் நியாயம் என்று நினைத்ததைவிட ஒவ்வொருவருக்கும் 5,000 அதிகம் கிடைத்திருக்கிறது. வீம்புக்கு விலையை ஏற்றி எழுதுபவர் அந்தப் பொருளைத் தானே வாங்க வேண்டியிருக்கும் என்ற பயமும் இதில் உண்டு.

ஓட்டையும் உண்டு. கையில் பணம் இல்லாதவர் ஆசைப்பட்டாலும் குறைவாகத்தான் எழுதுவார். அம்மாவைக் கடைசி ஐந்து வருடம் கூட இருந்து பார்த்துக்கொண்டவர் பெரும்பாலும் வேலையை விட்டவராகவும் இருப்பார். அதனால் ரொக்கமாகக் கேட்காமல், டெபாசிட் பங்கில் கழித்துக்கொள்வது என்று முதலிலேயே வைத்தால் ஆட்டம் ஓரளவு சமமாகும். பார்த்துக்கொண்டதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் அதைத் தனியாகப் பேசிக் கொடுங்கள், ஊஞ்சல் விலையில் ஒளித்து வைக்க வேண்டாம்.

விற்கும்போது வரி

வரும்போது வரி இல்லை, விற்கும்போது உண்டு, எல்லாவற்றுக்கும் இல்லை. சொந்த உபயோகத்தில் இருந்த கட்டில், பீரோ, துணிமணி, ஃப்ரிட்ஜ் விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது. நகை, ஓவியம், சிற்பம், கலைப்பொருளுக்கு உண்டு. பூஜையில் வைத்த தங்கக் காசு, வெள்ளிக் கட்டியை "சொந்த உபயோகம்" என்று சொல்ல முடியாது என 1976-லேயே ஒரு முன்னாள் மகாராஜாவின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உங்கள் கொள்முதல் விலை என்பது நீங்கள் பாகம் பிரித்த அன்றைய மதிப்பு இல்லை. அம்மா வாங்கிய விலைதான். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கியது என்றால் அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அந்த ஆண்டு 10 கிராம் தங்கம் சுமார் 4,300 ரூபாய். அந்தக் கணக்கில் பத்து பவுன் 22 கேரட் நகைக்கு ஏறக்குறைய 31,500 ரூபாய் வரும். அதை 8 லட்சத்துக்கு விற்றால் ஆதாயம் சுமார் 7.68 லட்சம், 2024 ஜூலை 23 முதல் உள்ள 12.5% விகிதத்தில் வரி சுமார் 96,000, செஸ் தனி. அம்மா வைத்திருந்த காலமும் சேரும் என்பதால், நீங்கள் வாங்கிய மறுமாதமே விற்றாலும் அது நீண்ட கால ஆதாயம்தான். பில் இல்லாத பழைய நகைக்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் 2001 மதிப்புக்கு ஒரு ரிப்போர்ட் வாங்கி வையுங்கள்.

"கல்யாணமான பெண் 500 கிராம்தான் வைத்திருக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது, 1994-ல் நேரடி வரிகள் வாரியம் சோதனைக்குப் போகும் அதிகாரிகளுக்குக் கொடுத்த அறிவுறுத்தல். கல்யாணமான பெண்ணுக்கு 500, ஆகாதவருக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை பறிமுதல் செய்ய வேண்டாம் என்பதுதான் அதில் இருப்பது. அதற்கு மேல் இருந்தால் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும்.

அப்படிக் காட்ட உதவுவது, பிரித்த அன்று எழுதும் காகிதம். அசையும் பொருட்களை மட்டும் பிரிப்பதற்குப் பத்திரப் பதிவு தேவையில்லை. தேதி, யார் யார் வாரிசு, ஒவ்வொரு பொருளின் எடையும் தரமும், எந்த அடிப்படையில் மதிப்புப் போட்டோம், யார் எதை எடுத்தார்கள், யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் விட்டுக்கொடுத்தார்கள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு நகல். அம்மா அந்த நகையைப் போட்டிருக்கும் பழைய கல்யாண போட்டோ இருந்தால் அதன் ஸ்கேனையும் கூட இணைத்து வையுங்கள்.